மனநிலை தேறிய பிறகும்

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் உளவியலாளர் 16 சொற்களை நிதானமாக வாசிக்கிறார். கலிபோர்னியா வாய்மொழிக் கற்றல் சோதனை என்று இதற்குப் பெயர். தமிழில் அமைத்தால் பட்டியல் இப்படிப் போகும்: கத்தரிக்காய், சுத்தியல், மல்லிகை, வேட்டி, முருங்கைக்காய், தாவணி, ரம்பம், செம்பருத்தி... வாசித்து முடித்ததும், “ஞாபகத்தில் இருப்பதைச் சொல்லுங்கள், வரிசை முக்கியமில்லை” என்கிறார். அதே பட்டியலை 5 தடவை வாசித்து, 5 தடவையும் அதையே கேட்கிறார். பிறகு வேறொரு பட்டியலைக் கொடுத்துக் கவனத்தைக் கலைத்து, சுமார் 20 நிமிடம் வேறு வேலைகளில் ஈடுபடுத்திவிட்டு, முதல் பட்டியலை மறுபடியும் கேட்கிறார்.

பட்டியலுக்குள் ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. காய் 4, கருவி 4, பூ 4, உடை 4 என எடுத்து, கலைத்துப் போட்டிருக்கிறார்கள். பலர் இரண்டாவது மூன்றாவது தடவையிலேயே, யாரும் சொல்லித்தராமல், இதைக் கண்டுகொள்வார்கள். காய்களைச் சேர்த்துச் சொல்லிவிட்டுப் பூக்களுக்குப் போவார்கள். இருமுனை மனநிலைக் கோளாறு, அதாவது பரவலாக பைபோலார் என்று சொல்லப்படும் நோய் உள்ளவர்களிடம் இதே சோதனையைச் செய்தபோது, அவர்கள் சராசரியாகக் குறைவான சொற்களையே நினைவுகூர்ந்தார்கள். இத்தனைக்கும் அப்போது அவர்கள் மேனியா என்னும் மனவெழுச்சியிலும் இல்லை, மனச்சோர்விலும் இல்லை. நோய் அடங்கி, தேறிவிட்டதாக மருத்துவரே சொன்னவர்கள் அவர்கள்.

இந்த உண்மையை மருத்துவ உலகம் சரியாகக் கவனிக்கவே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. நம் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை. “இப்பத்தான் நல்லா இருக்கானே, வேலைக்குப் போக வேண்டியதுதானே” என்ற பேச்சு எத்தனையோ வீடுகளில் கேட்கிறது. அந்தக் கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி இந்த 16 சொற்களுக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தாமதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரெப்பலின், 1899இல் வெளிவந்த தன் பாடநூலின் 6ஆம் பதிப்பில் கடும் மனநோய்களை இரண்டு பெரும் பிரிவுகளாக வகுத்தார். ஒன்று, அறிவுத்திறனைப் படிப்படியாகச் சிதைப்பது. இன்றைய மனச்சிதைவு நோய் அதன் வழியில் வந்தது. மற்றது, இன்றைய பைபோலாரை உள்ளடக்கியது, வந்து வந்து போவது. இடைப்பட்ட காலத்தில் மனிதர் தன் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பிவிடுவார் என்பது அதன் இலக்கணம். நோயாளிக்கும் குடும்பத்துக்கும் இது பெரிய ஆறுதலாக இருந்தது, இன்றும் பெருமளவு உண்மைதான். ஆனால் அந்த ‘முழுதாக’ என்ற சொல்லை யாரும் அளந்து பார்க்கவில்லை. இடைக்காலத்தில் நோயாளி மருத்துவமனைக்கு வருவதில்லை; அவரை உட்காரவைத்துச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணமும் எழவில்லை.

அளந்து பார்த்த கதைக்குப் போகுமுன், நோயின் இரு முனைகளிலும் சிந்தனைக்கு என்ன நேர்கிறது என்று பார்த்துவிடுவோம். இரண்டிலும் சிந்தனை பாதிக்கப்படுகிறது, பாதிக்கப்படும் விதம் வேறு.

மேனியாவில் இருப்பவரைப் பார்த்தால் மூளை அசுர வேகத்தில் ஓடுவதாகவே தோன்றும். இரண்டு மணி நேரத் தூக்கம் போதும், பேச்சு நிற்காது, ஒரு யோசனை முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். கிரெப்பலினின் மாணவர் குஸ்தாவ் அஷாஃபென்பர்க் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு சொல்லைச் சொல்லி, மனதில் முதலில் வரும் சொல்லைக் கேட்டு, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். 1904இல் அவர் வெளியிட்ட முடிவு எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக இருந்தது. மேனியாவில் இருப்பவர்கள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் குறையவில்லை. மாறியிருந்தது சொற்களுக்கு இடையிலான உறவு. பொருளைப் பிடித்துச் செல்வதற்குப் பதிலாக ஒலியைப் பிடித்துச் சென்றன அவர்கள் சொற்கள். நம் மொழியில் இதை எளிதாகக் காட்டலாம். ‘பால்’ என்று சொன்னால் ‘பசு’ என்றோ ‘டீ’ என்றோ வருவது வழக்கம். மேனியாவில் பால் என்றதும் வால், வாலிலிருந்து வாலிபால், அதிலிருந்து பந்து, பந்திலிருந்து பந்தி, பந்தியிலிருந்து பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று போகும். கேட்பவருக்கு மூச்சு வாங்கும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கும். எங்கே போக வேண்டும் என்ற இலக்கு மட்டும் இருக்காது. இரவெல்லாம் கண்விழித்துக் களைத்தவர்களிடமும் இதே ஒலித்தொடர்புகள் கூடுவதை அஷாஃபென்பர்க் கண்டார். களைத்த மூளை தேவையற்றதை ஒதுக்கும் ஆற்றலை இழக்கிறது போலும்.

ஏறத்தாழ 100 ஆண்டுகள் கழித்து, கேம்பிரிட்ஜில் ஃபியோனா மர்ஃபி, பார்பரா சஹாக்கியன் ஆகியோர் அடங்கிய குழு இதைக் கணினித் திரையில் சோதித்தது. சொற்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். மகிழ்ச்சியான சொல் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், சோகமான சொல் வந்தால் சும்மா இருக்க வேண்டும். சிறிது நேரத்தில் விதி தலைகீழாகும். மேனியாவில் இருந்தவர்கள் மகிழ்ச்சியான சொற்களுக்கு விரைந்து அழுத்தினார்கள். சும்மா இருக்க வேண்டிய இடத்திலும் அழுத்தினார்கள். மனச்சோர்வில் இருந்தவர்களோ சோகச் சொற்களுக்குத்தான் விரைவாக அசைந்தார்கள். ஒரு விதியை விட்டு அடுத்ததற்கு மாறத் திணறினார்கள். மனநிலை தனக்கு ஏற்ற சொல்லை முந்தி எடுத்துக்கொடுக்கிறது.

2001இல் அதே குழு ஒரு பந்தயச் சோதனையின் முடிவுகளை வெளியிட்டது. திரையில் 10 பெட்டிகள். சில சிவப்பு, சில நீலம். அவற்றில் ஒன்றின் கீழ் ஒரு வில்லை ஒளிந்திருக்கிறது. எந்த நிறப் பெட்டிக்குக் கீழே இருக்கும் என்று ஊகித்துப் புள்ளிகளைப் பந்தயம் கட்ட வேண்டும். 8 சிவப்பும் 2 நீலமும் இருந்தால் சிவப்பைச் சொல்வதே புத்திசாலித்தனம். மேனியாவில் இருந்தவர்கள் நீலத்தைத் தேர்ந்தெடுப்பது அதிகமாக இருந்தது. நோயின் கடுமை கூடக்கூட இந்தத் தவறும் கூடியது. அதே நேரம், முடிவெடுக்க அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் நேரமும் எடுத்துக்கொண்டார்கள். அஷாஃபென்பர்க் கண்டதை இது வேறு வழியில் உறுதி செய்கிறது. மேனியாவில் வேகம் என்று நாம் பார்ப்பது பேச்சின் வேகம், உடலின் வேகம். முடிவெடுக்கும் திறன் உள்ளே சிரமப்பட்டுக்கொண்டிருக்கிறது.

மூளையில் இதற்கு ஓர் இடமும் காட்ட முடியும். நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலாக உள்ள மடல்பகுதி, எழும் உந்துதலைத் தடுத்து நிறுத்துவதில் பங்கேற்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் லோரி ஆல்ட்ஷுலரின் குழு 2005இல் வெளியிட்ட எம்ஆர்ஐ ஆய்வில், ‘அழுத்தாதே’ என்ற கட்டளையைப் பின்பற்ற வேண்டிய தருணத்தில், மேனியாவில் இருந்தவர்களுக்கு இந்தப் பகுதியின் செயல்பாடு குறைந்திருந்தது.

கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். பைபோலார் பற்றிய பாடநூல் எழுதியவர். தானும் அந்த நோய் உள்ளவர். மேனியா உச்சத்தில் இருந்தபோது பாம்புக்கடிக்கான முதலுதவிப் பெட்டிகளைக் கட்டுக்கட்டாக வாங்கியதை 1995இல் வெளியான தன் வரலாற்றில் அவர் பதிவுசெய்திருக்கிறார். அந்த நேரத்தில் அதற்கு அவசரத் தேவை இருப்பதாக அவருக்குத் திட்டவட்டமாகத் தோன்றியது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்க் குடும்பங்கள் நினைவுக்கு வருகின்றன: ஒரே வாரத்தில் நிலத்தை விற்றவர், கடைக்கு முன்பணம் கொடுத்தவர், ஊருக்கெல்லாம் கடன் கொடுத்தவர். “படிச்ச மனுஷன் செய்யிற வேலையா இது” என்று கேட்பார்கள். படித்த அறிவு அங்கேயேதான் இருக்கிறது. வந்த யோசனைகளில் எதைக் கைவிடுவது என்று தீர்மானிக்கும் வேலைதான் நின்றுபோயிருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும்போதே, பெரிய தொகைக்கு இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும் என்று நோயாளியும் குடும்பமும் பேசி வைத்துக்கொள்வது இதனால்தான் பயன்படுகிறது.

மேனியா படைப்பாற்றலைக் கூட்டும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். இதற்கு எப்போதும் எடுத்துக்காட்டப்படுபவர் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன். 1840இல் மட்டும் 130க்கு மேற்பட்ட பாடல்களை எழுதினார். 1844இல், கடுமையான சோர்வில், ஏறக்குறைய எதையும் முடிக்கவில்லை. 1849இல் மறுபடியும் வெள்ளம். 1854இல் டுசெல்டார்ஃபில் ரைன் ஆற்றில் குதித்து, காப்பாற்றப்பட்டு, எண்டனிக் மனநோய் விடுதியில் 1856இல் இறந்தார். அவருக்கு இருந்தது பைபோலார்தானா, சிஃபிலிஸ் நோயின் விளைவா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. உளவியலாளர் ராபர்ட் வைஸ்பெர்க் 1994இல் ஒரு நல்ல கேள்வி கேட்டார். எழுச்சியான ஆண்டுகளில் ஷூமன் நிறைய எழுதினார், சரி, சிறப்பாகவும் எழுதினாரா? ஒரு படைப்பை எத்தனை இசைக்கலைஞர்கள் பதிவுசெய்து வெளியிட்டிருக்கிறார்கள் என்பதைத் தரத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டார். எழுச்சி ஆண்டுகளில் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் எழுதியவற்றுள் மிகச் சிறந்தவற்றின் விகிதம் கூடவில்லை. உழைக்கும் உந்துதலை அந்த மனநிலை கொடுத்தது, இசை ஷூமனுடையது. படைப்புக்காக மருந்தை நிறுத்த நினைக்கும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

அடுத்த முனை மனச்சோர்வு. இங்கே தாமதம் வெளிப்படையாகத் தெரியும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நீண்ட இடைவெளி; ஒரு பத்தியை நான்கு முறை படித்தாலும் மனதில் ஏறாது; எந்தச் சட்டை போடுவது என்பதுகூடப் பெரிய முடிவாகிவிடும். வெளியே தெரியாத மாற்றம் ஒன்றும் உண்டு, என்னை மிகவும் யோசிக்கவைத்தது அதுதான். பிரிட்டிஷ் உளவியலாளர் மார்க் வில்லியம்ஸ் 1980களில் தொடங்கிய ஆய்வுகளில், ஒரு சொல்லைக் கொடுத்து, அதோடு தொடர்புள்ள குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லச் சொல்வார்கள். ‘மகிழ்ச்சி’ என்று கொடுத்தால், “பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்கு அப்பா சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார்” என்பது குறிப்பிட்ட நினைவு. சோர்வில் இருப்பவர் “லீவு விட்டால் ஆச்சி வீட்டுக்குப் போவோம்” என்று சொல்லி நிறுத்திவிடுவார். எந்த லீவு, எந்த நாள் என்று மறுபடி கேட்டாலும் “அப்படித்தான், எப்பவும் போவோம்” என்பார். நினைவு பொதுப்படையாகவே நின்றுவிடுகிறது. பைபோலார் உள்ளவர்களிடமும் இது காணப்பட்டிருக்கிறது. இதன் விளைவு பெரிது. இன்றைய சிக்கலைத் தீர்க்க, முன்பு ஒருமுறை எப்படிச் சமாளித்தோம் என்ற விவரம் வேண்டும். அந்த விவரம் கைக்கு வராதவரிடம் “இதைவிடப் பெரிய கஷ்டத்தையெல்லாம் தாண்டினவன்தானே நீ” என்று சொல்லிப் பயனில்லை. எந்த நாள், யார் கூட இருந்தார்கள், முதலில் என்ன செய்தான் என்று நாமே எடுத்துச் சொன்னால் கொஞ்சம் பிடி கிடைக்கும்.

இரு முனைகளுக்கும் நடுவே நினைவு பரிமாறிக்கொள்ளப்படுவதிலும் சிக்கல் இருக்கிறது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஹெர்பர்ட் வைன்கார்ட்னரும் சகாக்களும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், பைபோலார் நோயாளிகள் சில சொற்களுக்குத் தங்கள் மனதில் தோன்றியதைச் சொன்னார்கள். சில நாள் கழித்து அதே பதில்களை நினைவுகூரச் சொன்னார்கள். இரண்டு நாளும் ஒரே மனநிலையில் இருந்தால் நன்றாக நினைவுகூர்ந்தார்கள். மனநிலை மாறியிருந்தால் குறைவாகவே வந்தது. ஆய்வு சிறியது, பங்கேற்றவர்கள் மிகச் சிலர். ஆனாலும் 1997இல் எரிக் ஐக்கின் குழு செய்த ஆய்வும் அதே திசையில்தான் வந்தது. போன மாதம் சத்தியம் செய்து கொடுத்ததை இந்த மாதம் நினைவில்லை என்று ஒருவர் சொல்லும்போது, அது நடிப்பு என்று உடனே முடிவு கட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

இனி, நோய் அடங்கிய காலத்துக்கு வருவோம். இந்தக் காலம் சிறியதல்ல. அமெரிக்காவில் 146 நோயாளிகளை ஏறத்தாழ 13 ஆண்டுகள் வாரவாரமாகப் பின்தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வின்படி, சுமார் 32 சதவீத வாரங்கள் சோர்விலும் 9 சதவீதம் எழுச்சியிலும் சிறிது கலப்பு நிலைகளிலும் கழிந்தன. பாதிக்கு மேற்பட்ட வாரங்களில் அறிகுறியே இல்லை. படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் நடந்தாக வேண்டிய வாரங்கள் இவை.

பார்சலோனாவில் அனபெல் மார்டினெஸ்-அரான், எடுவார்ட் வியேட்டா ஆகியோரின் குழு 2004இல் மூன்று நிலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தது. சோர்வில் 30 பேர், எழுச்சியில் 34 பேர், நோய் அடங்கிய சமநிலையில் 44 பேர், நோயில்லாதவர்கள் 30 பேர். மூன்று நிலையிலும் இருந்தவர்கள் சொல் நினைவிலும், திட்டமிட்டுச் செயல்படும் திறனிலும் நோயில்லாதவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். அதைவிட முக்கியமான செய்தி, வேலையிலும் அன்றாட வாழ்விலும் ஒருவர் எவ்வளவு தடுமாறுகிறார் என்பதோடு சொல் நினைவின் குறைபாடு ஒட்டிச் சென்றது. பின்னர் உலகின் பல இடங்களிலிருந்து 31 ஆய்வுகளின் தரவுகளை, 2876 பேருடையதை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் சமநிலையில் இந்தக் குறை தெரிந்தது. அளவில் அது மிதமானது. பாஸ்டனில் செய்யப்பட்ட ஆய்வுகள் அதன் உள்விவரத்தைக் காட்டின: சமநிலையில் இருப்பவர்களும் காயைக் காயோடு, பூவைப் பூவோடு சேர்க்கும் உத்தியைக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள். பிற்பாடு சொற்கள் நழுவுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அடுக்கி வைக்காமல் திணித்த பீரோவில் தேடுவது போல அவர்கள் தேட வேண்டியிருக்கிறது.

எல்லாருக்கும் இப்படி நேர்வதில்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கேத்ரின் பர்டிக் குழு 2014இல் காட்டியபடி, நோயாளிகள் மூன்று கூட்டமாகப் பிரிகிறார்கள்: சோதனைகளில் எந்தக் குறையும் இல்லாதவர்கள், சிலவற்றில் மட்டும் பின்தங்குபவர்கள், பெரும்பாலானவற்றில் தடுமாறுபவர்கள். ஒருவரே தன்னைப் பற்றிச் சொல்வதும் சோதனை சொல்வதும் பல நேரம் பொருந்துவதில்லை. ஆகவே பேசிப் பார்த்து ஊகிப்பதைவிட அளந்து பார்ப்பதே நல்லது.

பிறவியிலேயே இருந்த குறையா இது? ஸ்வீடனில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் 16 வயது மதிப்பெண்களையும், பிற்காலத்தில் அவர்கள் மருத்துவமனைகளில் சேர்ந்த பதிவுகளையும் ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பின்னாளில் பைபோலார் வரும் வாய்ப்பு, சராசரி மாணவர்களைப் போல ஏறக்குறைய 4 மடங்கு இருந்தது. மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கும் வாய்ப்பு ஓரளவு கூடியிருந்தது. பள்ளியில் முதலிடம் வாங்கிய பிள்ளை கல்லூரியில் தடுமாறுவதைக் கண்டு பெற்றோர் மனம் உடைவதற்குப் பின்னால் இப்படி ஒரு வழியும் இருக்கலாம்.

வான்கூவரில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று நம்பிக்கையூட்டுகிறது. வாழ்வின் முதல் மேனியாவிலிருந்து மீண்டவர்களை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். அந்த ஓராண்டில் நோய் மறுபடி வராதவர்களின் அறிவாற்றல் தெளிவாகத் தேறியது. மறுபடி வந்தவர்களுக்கு அந்தத் தேற்றம் தள்ளிப்போனது. முதல் முறையோடு நோயை நிறுத்திவைக்க முடிந்தால் அதில் கிடைக்கும் லாபம் இவ்வளவு பெரிது. அதனால்தான் மருந்தைப் பற்றி மிகுந்த கவனத்தோடு பேச வேண்டியிருக்கிறது.

மருந்தும் சிந்தனையை ஓரளவு மந்தப்படுத்தலாம். பைபோலாருக்குத் தரப்படும் லித்தியம் மருந்தைச் சாப்பிட்ட முதல் ஆண்டுகளில் ஜேமிசன் கனமான நூல்களை வாசிக்க முடியாமல் போனதையும், அளவைக் குறைத்த பிறகு வாசிப்பு திரும்பியதையும் எழுதியிருக்கிறார். லித்தியத்தைப் பரவலாக்கிய டென்மார்க் மருத்துவர் மோகன்ஸ் ஷோ 1979இல் 24 கலைஞர்களிடம் கேட்டபோது, 12 பேர் தங்கள் படைப்பு கூடியதாகவும், 6 பேர் மாற்றமில்லை என்றும், 6 பேர் குறைந்ததாகவும் சொன்னார்கள். லித்தியம் சிலருக்குத் தைராய்டைக் குறைக்கும். அந்தக் குறைவே மந்தத்தைக் கொடுக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். மற்ற மருந்துகளால் வரும் விறைப்பையும் நடுக்கத்தையும் தணிக்கத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை நினைவாற்றலைத் தாக்கக்கூடியது. அது இன்னும் தேவைதானா என்று மருத்துவரிடம் கேட்கலாம். லித்தியத்தைத் தாமாகவே திடீரென நிறுத்துவது மட்டும் வேண்டாம். நோய் விரைவில் திரும்பும் ஆபத்து அப்போது கூடுகிறது. திரும்பும் நோய் பறித்துக்கொள்வது மாத்திரை பறிப்பதைவிட அதிகம்.

மருந்தைத் தவிரப் பயிற்சியும் இருக்கிறது. பார்சலோனா குழு உருவாக்கிய செயல்திறன் மீட்புப் பயிற்சியை ஸ்பெயினில் 239 பேரிடம் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் ஒரு முறை, 90 நிமிடம், 21 வாரங்கள். பட்டியலை வகை பிரித்து நினைவில் வைப்பது, செய்தித்தாளில் ஒரு செய்தியைப் படித்து அதன் சாரத்தைச் சொல்வது, நாட்குறிப்பில் எழுதி வேலையை அடுக்குவது, பெரிய வேலையைச் சிறு படிகளாக உடைப்பது என்று எல்லாமே அன்றாடத்தோடு ஒட்டியவை. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் வேலையிலும் உறவுகளிலும் நன்றாகச் செயல்பட்டார்கள். நோயைப் பற்றிய விளக்க வகுப்புகளுக்குப் போனவர்களைவிட இவர்கள் திட்டவட்டமாக மேம்பட்டதாகச் சொல்ல முடியவில்லை. ஆக, விளக்கிச் சொல்வதற்கும் பலன் இருக்கக்கூடும்.

இந்தியாவில் 2015-16இல் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, ஆயிரத்தில் ஏறத்தாழ 3 பேருக்கு அந்நேரத்தில் பைபோலார் இருந்ததாகக் கணித்தது. இவர்களில் வேலைக்குத் திரும்புபவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் துணை நிற்க முடியும். நாட்பட்ட மனநோயையும் அது உள்ளடக்குகிறது; பணியிடத்தில் நியாயமான வசதிகளைக் கேட்க இடம் தருகிறது. வாய்வழியாகச் சொல்லும் உத்தரவை எழுத்தில் தருவது, ஒரே நேரத்தில் மூன்று வேலை கொடுக்காமல் ஒவ்வொன்றாகக் கொடுப்பது, இரவு ஷிப்ட்டைத் தவிர்ப்பது, முதல் சில மாதங்கள் வேலைநேரத்தைப் படிப்படியாகக் கூட்டுவது ஆகியவை பெரிய செலவு வைக்காதவை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, தூக்கம் எப்படி, மூட் எப்படி என்ற கேள்விகளுக்குப் பதில் சொன்ன கையோடு, படித்தது நிற்கிறதா, பேச்சின் நடுவே சொல் நழுவுகிறதா, கடைக்குப் போய் எதை வாங்க வந்தோம் என்று நிற்க நேர்கிறதா என்பதையும் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள்.